இருபத்தெட்டுக் கால்

காப்ரோவோவில் ஜனவரி.
ஆற்றோரம் உறைந்துவிட்டது.
நான்காவது மாடி, சமையல் மேசை,
ஒரு பக்கம் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடி,
மறுபக்கம் மூன்று சிப்புகள்.

எதை எடுப்பது?

வேலை என்னவோ சின்னதுதான்.
சால்டரிங் இரும்பின் முனையை
முந்நூற்று இருபது டிகிரியில் நிறுத்த வேண்டும்.
ஏறினால் செம்புத் தடம் தோலுரிந்து எழும்.
இறங்கினால் பற்றாசு
முகம் கொடுக்காமல் உருண்டு நிற்கும்.

முனைக்குள் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்
டிகிரிக்கு நாற்பது மைக்ரோவோல்ட்.
ஒரு வோல்ட்டை இருபத்தையாயிரம் துண்டாக நறுக்கி
அதில் ஒரு துண்டு.
அவ்வளவு மெல்லிய குரல்.
பக்கத்தில் இருபத்து நான்கு வோல்ட் கத்திக்கொண்டிருந்தால்
யாருக்குக் கேட்கும்?
ஆகவே
சூடாக்கு. நிறுத்து. கொஞ்சம் பொறு. கேள்.
மறுபடி சூடாக்கு.
நொடிக்குப் பத்து முறை.

இதற்கு எவ்வளவு மூளை போதும்?

முப்பத்திரண்டு பிட் என்கிறான் ஓக்னியான்.
தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேசை,
பெயரிலேயே நெருப்பு வைத்திருப்பவன்.
"பன்னிரண்டு பிட் நுணுக்கம், எழுபத்திரண்டு மெகாஹெர்ட்ஸ்,
விலை ஒரு பனிட்சா ரொட்டிக்குக் காணாது, ஸ்ட்ராவ்கா.
எடுத்துக்கொள்."
விளக்கருகே பிடித்துப் பார்த்தேன்.
சுண்டுவிரல் நகத்தளவு உடம்பு,
சுற்றிலும் நாற்பத்தெட்டுக் கால்,
காலுக்குக் கால் அரை மில்லிமீட்டர்.
ஆசை வந்தது, மறைப்பானேன்.

இரண்டாவது, செத்த வாஷிங் மெஷினில் கழற்றியது.
அதற்குள் யாரோ எழுதிப் பூட்டிய ஞாபகம்.
இன்னமும் துணி அலசும் நினைப்பிலேயே இருக்கிறது.

மூன்றாவது எட்டு பிட்.
கறுப்புப் பூரான், இருபத்தெட்டுக் கால்,
இரண்டு காலுக்கு நடுவில்
பென்சில் கூர் தாராளமாக நுழையும்.
பத்து பிட்தான்.
ஐந்நூறு டிகிரியை ஆயிரத்துச் சொச்சமாய்ப் பிரித்தால்
படிக்கு அரை டிகிரி.
என் கை நடுக்கம் அதைவிடப் பெரிது.

கதவு சீக்கிரம் மூட வேண்டுமென்று,
அறைச் சூடு வீணாகக் கூடாதென்று,
பூனை வாலை நறுக்கியவர்கள் என்று
நாடே எங்கள் ஊரைச் சொல்லிச் சிரிக்கும்.
சிரிக்கட்டும்.
அன்றிரவு நான் ஊரை மறந்து
நாற்பத்தெட்டுக் காலைத்தான் எடுத்தேன்.

கையிலிருந்தது பழைய இரும்பு.
சுவரில் செருகினால் சூடு, பிடுங்கினால் குளிர்,
நடுவில் ஒன்றும் தெரியாது அதற்கு.
மொட்டை முனை.
ஏழாவது காலில் பாலம் விழுந்தது.
பாலத்தை உறிஞ்சப் போனேன்,
தடம் சுருண்டு வந்தது, வெங்காயச் சருகுபோல.
அப்போதுதான் உறைத்தது:
இதை ஒட்டுவதற்கு
நான் இனிமேல் செய்யப்போகிற இரும்பு வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்.
பூரானுக்கு ஒரு சாக்கெட் வைத்தேன்.
சிப் மேல் சூடே படாமல்
அழுத்தியதும் உட்கார்ந்துகொண்டது.

சூட்டைத் திறக்கும் பின்னுக்கு
சுழியம் என்றால் ஆமாம்,
ஒன்று என்றால் இல்லை.
பேசாமலிருந்தால், அதுவும் இல்லை.
நிரல் எங்காவது மயங்கி நின்றால்
உள்ளே ஒரு காவல்நாய் கடித்து எழுப்பும்.

ஓக்னியான் பார்க்க வந்தான்,
பூட்ஸில் பனியோடு.
திரையில் 317, 322,
319.
அவனுடைய சிப் கருகிய பலகையோடு
ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.
அதையும் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
தலையை இடமும் வலமுமாக அசைத்தான்.

எங்கள் நாட்டில் அதற்கு
ஆமாம் என்று பொருள்.